மனுவே வராத பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப்பானையில் முதன்முதலாக வெட்டிவேர் போட்டவன் நான்தான் ஐயா. அதுவரை வாத்தியார்கள் கிணற்றடிக்குப் போய்த்தான் குடித்தார்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் தருமபுரிக்குத் தலைமையாசிரியராக வந்தேன். எட்டு வாத்தியார்களில் ஆறு பேர் மாற்றல் மனு எழுதி வைத்திருந்தார்கள். காய்ச்சல் ஊர், காய்ந்த ஊர் என்று ஒரே புலம்பல். வாத்தியாருக்கு மனுப்போடுவது வெற்றிலை போடுவது மாதிரி, லேசில் விடாது. ஒழுகின கூரையை மாற்றினேன். ஆளுக்கொரு நாற்காலி வாங்கிப் போட்டேன். அப்படியும் மனு நிற்கவில்லை.

போகலாம் என்ற நினைப்பு இருக்கும்வரை எவனும் இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்கமாட்டான். எந்த மனுவும் என் வழியாகத்தான் சேலத்து ஜில்லா ஆபீசுக்குப் போகவேண்டும். நான் அனுப்பவில்லை. மேலே இடமில்லையாம் என்று வருத்தத்தோடு சொல்லிவிடுவேன். இரண்டே வருஷத்தில் எல்லோரும் அடங்கினார்கள். ஒருவர் வீடுகூடக் கட்டினார். "மனுவே வராத பள்ளிக்கூடம் ஜில்லாவுலயே இது ஒண்ணுதாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்குப் பெருமையாக இருந்தது.

சவுரியப்பன் வாத்தியார் மட்டும் அடங்கவில்லை. அவர் மனைவி தீர்த்தம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறக்கும்போதே போய்விட்டன. மூன்றாவதைச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெற்றால்தான் தாய் தங்குவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேலத்தில் ஒண்டிக்கொள்ள அவர்களுக்குச் சொந்தம் யாருமில்லை.

"இந்த ஒரு தடவ பாத்துப் பண்ணுங்க சார். அவள விட்டா எனக்கு ஆருங்க இருக்காங்க" என்றார்.

கடைசியில் என்னைத் தாண்டி, இன்ஸ்பெக்டர் கையிலேயே மனுவைக் கொடுத்துவிட்டார். தை மாதம் மாற்றல் உத்தரவு என் பெயருக்கு வந்தது. ஒருவர் போனால் மற்ற ஏழு பேரும் பேனாவை எடுப்பார்கள். அதனால் உத்தரவை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவருக்கு இப்போது வர விருப்பமில்லை என்று சேலத்துக்கு எழுதிவிட்டேன்.

"இன்னும் வரலீங்களா சார்?" என்று தினமும் வந்து நிற்பார். பொறுமையாகவே பதில் சொன்னேன்.

பங்குனியில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டு, எல்லா வாத்தியார்களையும் அடக்கத்துக்கு அழைத்துப் போனேன்.

அதற்குப் பிறகு சவுரியப்பன் எதுவும் கேட்டதில்லை. குறை உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எனக்கென்னங்க கொற. இனி எங்கிருந்தா என்னங்க" என்றார். திருப்தி என்று பதிவேட்டில் எழுதினேன்.

விசாரணைக்கு வந்து நீங்கள் என் டிராயரில் எடுத்த உத்தரவு அதுதான். பூட்டியது நான்தான். கொடுத்திருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பாள், மறுக்கவில்லை. ஆனால் சேலத்தில் இப்படியொரு பள்ளிக்கூடம் சவுரியப்பனுக்குக் கிடைத்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.