வெந்தயம் போட்ட ஃபோ

"வியட்நாமிலை இருக்கிற சனத்துக்கு ஃபோ சூப் வைக்கத் தெரியாதண்ணை."

பாரிஸில் ரூ பெர்தொனே தெருவில் தமிழ்ப் பலசரக்குக் கடை ஒன்றில், காசு கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். சொன்னவருக்கு அங்கேயே ஒரு வியட்நாம் உணவகத்தின் குசினியில் சமையல் வேலை. விடுமுறைக்கு அந்த நாட்டுக்கே போய் வந்திருக்கிறார். கையில் பெரிய வெந்தயப் பை.

"எங்கை குடிச்சனி?" என்றார் மூத்தவர்.

"சைகோனிலை. றோட்டுக்கரையிலை குட்டிக் கதிரையள் போட்டு விக்கினம். எல்லா இடமும் குடிச்சுப் பாத்தன். ஒருத்தரும் வெந்தயம் போடேல்லை."

"மாட்டெலும்புச் சூப்புக்கு ஆரடா வெந்தயம் போடுறது?"

"நான் போடுறனான். எனக்கு முந்திக் குசினியிலை நிண்ட எங்கடை சுன்னாகத்து அண்ணை அப்பிடித்தான் பழக்கினவர்."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"உன்ரை முதலாளி வியட்நாம்காரன்தானே. அந்தாளுக்குத் தெரியாதோ?"

"அவர் சின்னனிலை வள்ளத்திலை ஏறி வந்தவர். பிறகு திரும்பிப் போகேல்லை. என்ரை சூப் தன்ரை அம்மா வைச்ச மாதிரியே இருக்காம். மத்தியானத்திலை ஒரு கோப்பை குடிப்பார்."

"நீ போயிட்டு வந்தோடனை கேட்டிருப்பாரே?"

"ஓம். அங்கையும் இதே ருசியோ எண்டு கேட்டவர்."

"என்ன சொன்னனி?"

"அச்சொட்டா இதேதான் எண்டன். இப்ப ரெண்டு கோப்பை குடிக்கிறார்."

அவருடைய முறை வந்தது. வெந்தயப் பையை மேசையில் வைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துவிட்டு, இன்னொரு பை எடுக்க உள்ளே போனார்.