காலி டம்ளர்

என் பெயரும் முகவரியும் மேலே உள்ள படிவத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்பது. தொழில், நடிப்பு. இருபத்தாறு வருடங்களாக மேடையிலும் பதினான்கு வருடங்களாகத் தொலைக்காட்சியிலும் நடித்து வருகிறேன். என்னை யாரும் அழைத்துவரவில்லை. எங்கள் நாடகக் குழுவின் மேடைச் சாமான்களைக் கவனித்துக்கொள்பவரை, 'பெட்டி' என்று நாங்கள் கூப்பிடுகிறவரை, மேடையில் நடந்த சாவு தொடர்பாக மூன்று நாட்களாக இந்தக் காவல் நிலையத்தில் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டு நானாகவே வந்தேன். "நீ போய் என்ன கிழிக்கப்போறே? டாக்டர் ரிப்போர்ட் வரட்டும், சும்மா இரு" என்று குழுத் தலைவர் சொன்னார். அறிக்கை இன்னும் வரவில்லை.

இறந்தவர் எங்கள் குழுவின் நடிகர், அவரைப் பத்தொன்பது வருடங்களாகத் தெரியும். மேடையில் அவருக்கு நான் மனைவி. தினமும் வரும் தொடரில், நான்கு வருடங்களாக, அம்மா. அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். பகலில் தலைக்கு வெள்ளை பூசிக்கொண்டு அவருடைய தலையைத் தடவிக்கொடுப்பேன். மாலையில் வெள்ளையைக் கழுவிவிட்டு அவரோடு சண்டை போடுவேன். நேரமில்லாத நாட்களில் காதோரம் கொஞ்சம் மிச்சமிருக்கும். "காலையில பெத்தெடுக்கிறா, சாயங்காலம் கட்டிக்கிறா. உலகத்துல யாருக்குடா இந்த யோகம்?" என்று எல்லோரிடமும் சொல்வார்.

இரண்டு வருடங்களாக அவருக்கு வசனம் மறந்துகொண்டிருந்தது. மறந்தால் என் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்துவார். அவர் பேச வேண்டியதை நான் கேள்வியாக மாற்றிக் கேட்பேன், அவர் தலையாட்டினால் போதும். வெளியே தெரிந்தால் தொடரில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்பதால் இதை அவர் மனைவியிடம்கூட நாங்கள் சொல்லவில்லை.

சம்பவத்தன்று காலை ஆறு மணி முதல் மூன்று மணி வரை இருவருக்கும் படப்பிடிப்பு இருந்தது. அதன் பிறகு ஒரே வண்டியில் அரங்கத்துக்கு வந்தோம். வழி முழுவதும் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நானும் மூடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒப்பனை அறையில், "நாக்கு ஒட்டுதுடா, இன்னைக்கு டம்ளர்ல நெஜத் தண்ணி வை" என்று பெட்டியிடம் சொன்னார். "அண்ணே, அன்னைக்கு ஒருத்தர் கொட்டி ஒயரெல்லாம் நனைஞ்சு, அரை மணி நேரம் இருட்டுல நின்னோமே, மறந்துட்டீங்களா? நடிக்க வந்தீங்களா, குடிக்க வந்தீங்களா?" என்றார் பெட்டி. இறந்தவர் அவரிடம் சத்தம் போட்டார். ஒப்பனைக்காரர் உங்களிடம் சொன்ன தகராறு இதுதான். அந்த விபத்துக்குப் பிறகு எங்கள் மேடை டம்ளரில் தண்ணீர் வைத்ததில்லை. அன்றும் வைக்கவில்லை.

நாடகம் ஏழு மணிக்குத் தொடங்கியது. இரண்டாம் காட்சியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் துணி மடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்திவிட்டு விடவில்லை. பிடித்தபடியே இருந்தார். அதன் பிறகு, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

அது அந்த நாடகத்தில் இல்லாத பேச்சு. தொடரில் என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் எடுத்ததையும் மாலையில் நடிப்பதையும் குழப்பிக்கொண்டார் என்று நினைத்தேன். சமாளிப்பதற்காக, "அம்மாவா? முப்பது வருஷம் பொண்டாட்டியா இருந்ததுக்கு இப்பதான் பிரமோஷன் வந்துச்சா?" என்றேன். அரங்கம் சிரித்தது. அந்த நாடகத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பு அதற்கு முன்பு வந்ததில்லை. அதன் பிறகு மேசை மேலிருந்த டம்ளரை எடுத்துக் கொடுத்தேன்.

வாங்கினார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். அதன் பிறகு குடித்தார். மூன்று மடக்கு. தொண்டை ஏறி இறங்கியது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். முந்நூறு பேர் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்ததாக அவர்கள் சொல்வது பொய்யில்லை.

அதன் பிறகு அவருடைய வசனத்தை நான் கேள்விகளாகக் கேட்டேன். அவர் தலையாட்டவில்லை. "கோபமா? சரி, பேச வேண்டாம்" என்று அதற்கும் ஒரு வசனம் போட்டேன். இப்படி நான்கு நிமிடம். திரை விழுந்து கைதட்டல் கேட்டது. அதன் பிறகுதான் அவர் தோளைத் தொட்டேன்.

மருத்துவமனை நடையில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஒரு வாய் தண்ணியாவது குடிச்சாரா?" என்று கேட்டார். "நான்தான் குடுத்தேன், நல்லா குடிச்சாரு அக்கா" என்றேன். அருகில் நின்ற மகன் அதைக் கேட்டார். தண்ணீரில் பெட்டி எதையோ கலந்ததாகவும், டம்ளர் உலர்ந்திருந்ததால் அதைத் துடைத்துவிட்டதாகவும் அவர் கொடுத்த புகார் என் பேச்சிலிருந்து வந்தது. டம்ளரை யாரும் துடைக்கவில்லை. அது நனையவே இல்லை.

"காலி டம்ளர்ல குடிச்சா முந்நூறு பேருக்குமா தெரியாது?" என்று அதிகாரி கேட்டார். கூஜாவின் பக்கத்தில் இருந்த டம்ளரை அவர் அனுமதியோடு எடுத்துக் குடித்துக் காட்டினேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாம்மா?" என்றார். அதிகாரி டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

நாளை காலை, தொடரில் மகன் இறந்த செய்தி கேட்டு நான் அழும் காட்சியை எடுக்கிறார்கள். ஆறு மணிக்குப் போக வேண்டும். அதற்கு முன் அவர் மனைவியிடம் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அதுவரை வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'தண்ணீர் கொடுத்தேன்' என்றிருந்தது. அதை அடித்து 'டம்ளர் கொடுத்தேன்' என்று திருத்தச் சொல்லி, அதன் பக்கத்தில் ஒப்பமிட்டேன். மற்றவை நான் சொன்னபடியே, நடந்தபடியே இருக்கின்றன.

(கையொப்பம்)