தங்கையின் கணினி தெரியவில்லை

அமர்ந்தாலே அலுவலகத்தை அடக்கும் ஆற்றல் படைத்த தலைவரே, எங்கள் மேலாளர் அவர்களே! ஓய்வு பெற்ற பின்பும் முன்வரிசை நாற்காலியை விட்டுக்கொடுக்காத பெரியவர்களே! பிள்ளைகளைப் பெற்று, எங்கள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக வீற்றிருக்கும் தாய்மார்களே! டீ வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களே! கணக்குப் பிரிவின் வணக்கம்.

நம் வரைபடக்காரத் தங்கைக்கு இன்று பணி நிரந்தரம். கைதட்டுங்கள். ஆனால் போன மாதம் நடந்தது என்ன?

பாலத்தின் வரைபடத்தை மாலைக்குள் தன் கணினியில் பகிர்ந்து வைக்க வேண்டும். வைத்தால் வேலை நிரந்தரம், தவறினால் வீடு நிரந்தரம். இது உத்தரவு. தங்கை வரைந்தார். கண் கடுக்க வரைந்தார், கை கடுக்க வரைந்தார், மதியமே முடித்தார். மேலாளர் தம் திரையைத் திறந்தார். வயரில் இணைந்த அலுவலகக் கணினிகள் அத்தனையும் பட்டியலில் அணிவகுத்து நின்றன. தங்கையின் கணினி மட்டும் இல்லை!

"லிஸ்ட்லயே இல்லையேம்மா. அப்புறம் எதுல வரைஞ்சே?"

"பக்கத்து ரூம்தான் சார். வந்து பாருங்க."

வந்தார். கணினி இருந்தது. வரைபடம் இருந்தது. தங்கையும் இருந்தார். திரும்பிப் போய்ப் பட்டியலைப் பார்த்தார். "இல்லையேம்மா."

சிரிக்காதீர்கள். தலைவர் சிரிக்கவில்லை.

பென் டிரைவில் எடுத்துக் கொடுக்கலாமே என்கிறார் பின்வரிசை நண்பர். வைரஸ் வரும் என்று தடை போட்டவரே தாங்கள்தானே, ஐயா!

வயரைப் பிடுங்கிச் செருகினோம். ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போட்டோம். இரண்டு கணினிக்கு ஒரே பெயரா என்று பார்த்தோம். மின்விசிறியை நிறுத்திப் பார்க்கச் சொன்னார் காசாளர். நிறுத்தினோம். வியர்த்தது.

தங்கை தன் டிபன் பாக்ஸைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் கணினி மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

"அக்கா, புது நெட் வயர் போட்டப்போ, இது வீடா, ஆபீஸா, பொது இடமான்னு கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பொது இடம்னு போட்டேன்."

"அட, பொது இடம்னா அது யார் கண்ணுலயும் படாம ஒளிஞ்சுக்கும்க்கா! ஏன் அப்படிப் போட்டீங்க?"

"நான் டெம்பரரிதானே தம்பி. என் ஆபீஸ்னு நானா எப்படிப் போட்டுக்கறது?"

அவையோரே! கோளாறு வயரிலா? பெட்டியிலா? விசிறியிலா? இத்தனை நாளில், "இது உன் ஆபீஸ்ம்மா" என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய், சொல்லியிருக்கக் கூடாதா? வெட்கமாக இருந்தது எங்களுக்கு.

"சார்... ஆபீஸ்னு மாத்திக்கட்டுமா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "மாத்திக்கோம்மா."

மாற்றினார். மேலாளர் தம் அறைக்குப் போனார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளிருந்து குரல் வந்தது.

"வந்துட்டாம்மா."

வந்தது கணினி. தலைவர் சொன்னதோ, "வந்துட்டா". நாங்கள் யாரும் திருத்தவில்லை.

தங்கையே, இனி எந்தக் கணினி அந்தக் கேள்வியைக் கேட்டாலும் எவரிடமும் அனுமதி கேட்காதே. ஆபீஸ் என்று அழுத்தம்மா, அழுத்தி அழுத்து!

கேட்டவர்களுக்கும், கேட்பதுபோல் இருந்தவர்களுக்கும் நன்றி. டீ வந்துவிட்டது. வணக்கம்.