மாமியாருக்கு மேட்ரன் போட்ட மாலை

தலைமை தாங்கும் டாக்டர் குப்புராஜ் அவர்களே, எங்கள் மேட்ரனின் தம்பி அப்துல் ரஷீத் அவர்களே, கூடியிருக்கும் பெரியோர்களே! வார்டை விட்டு வர முடியாமல் இந்நேரம் டூட்டியில் நிற்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இந்தச் சின்னம்மாளின் வணக்கம்!

மேட்ரன் அஸ்கரி பேகம் அவர்கள் மறைந்துவிட்டார்கள். நர்ஸ் ஒருத்தி வேலைக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று இனி யார் கேட்பார்கள்? 'வரவில்லை' என்று எழுத ரிஜிஸ்தர் இருக்கிறது! மெமோ அடிக்க டைப்பிஸ்ட் இருக்கிறார்! பஸ் ஏறிப் போய்க் கேட்டவர், நாங்கள் அம்மா என்றே அழைத்த எங்கள் மேட்ரன் ஒருவர்தான்.

அறுபத்தெட்டில், பிரசவ லீவு முடிந்தும் நான் திரும்பவில்லை. "கைக்குழந்தைய வுட்டுட்டு ஊரான் புண்ணைத் தொடைக்கப் போறியா?" என்று மாமியார் தடுத்துவிட்டார்கள். கெடு தாண்டினால் வேலை போய்விடும். பயத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? 'மாமியார் காலமானார், லீவு தேவை' என்று எழுதிவிட்டேன்!

இரண்டாம் நாள், காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் ரோஜா மாலையோடு அம்மா நிற்கிறார்கள். கதவைத் திறந்ததோ, காலமான மாமியார்!

"யாருங்க? என்ன வேணுங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா ஒரு கணம்தான் திகைத்தார்கள். "உங்களைப் பாக்கத்தாங்க வந்தேன். இப்பிடியொரு மருமகளை எங்க ஆஸ்பத்திரிக்குக் குடுத்தவங்களுக்கு மாலை போடாம வேற யாருக்குங்க போடறது?" என்று கழுத்தில் போட்டேவிட்டார்கள்!

பிறகு உட்கார்ந்து பேசினார்கள். ஆறு மாதம் எனக்குப் பகல் டூட்டி மட்டும். குழந்தையோடு மாமியாரும் குவார்ட்டர்ஸில் வந்து தங்கட்டும் என்று முடிவானது. கிளம்பும்போது என் காதில் சொன்னார்கள்: "சின்னம்மா, இனிமே காய்ச்சல்னு எழுது. ஆளைக் கொல்லாத."

அம்மா, உங்களை நினைத்தால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன!

அந்த மாமியார் ராணியம்மாள்தான் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஏழு வருஷம் மறைத்ததை, அம்மா இறந்த அன்றுதான் அவர்களிடம் சொல்லி அழுதேன். "ஊதுபத்திக் கட்டும் கையில இருந்துச்சே, அன்னைக்கே தெரியும்டி. எழவுக்கு வந்த மனுசி என்னையச் சம்பந்தியாட்டம் மதிச்சுப் பேசுனாங்க. அவங்க பேச்சை எப்பிடித் தட்டறது?" என்றார்கள்.

அம்மாவின் நாற்காலியில் இப்போது என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பிரசவ வார்டு கண்ணம்மாள் நான்கு நாளாக வரவில்லை. மெமோ அடித்து வைத்திருக்கிறார்கள், என் கையெழுத்துதான் பாக்கி. போட மாட்டேன். பெரியோர்களே, கூட்டம் முடியும்வரை இருக்க முடியாததற்கு மன்னியுங்கள். நாலரை மணிக்குக் கம்பைநல்லூர் பஸ். அந்தப் பெண்ணுக்கு என்ன கஷ்டமோ, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.