கை உயர்த்தியதற்கு ஒரு விலங்கு

மாற்றத்தின் மகிமையைப் பாட எங்களையெல்லாம் இந்த மண்டபத்தில் கூட்டிவைத்த குடியிருப்போர் சங்கத் தலைவி திருமதி ஹாலோவே அவர்களே! வெள்ளைத் தொப்பி சூடி முன்வரிசையில் வீற்றிருக்கும் எங்கள் தேவாலயத் தாய்மார்களே! சபை ஊழியம் செய்யும் டீக்கன் பெருமக்களே! பெல்லோஸ் ரிட்ஜுக்குப் புதிதாகக் குடிவந்து, பின்வரிசையில் கதவோரமாகவே அமர்ந்திருக்கும் அண்டை வீட்டாரே! தெருமுனையில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் ஆர்டெலியாவின் வணக்கம்.

தலைவி திரையில் காட்டிய புள்ளிவிவரங்களைப் பார்த்தேன். அட்லாண்டாவின் ஓரத்தில் கிடக்கும் நம் பேட்டையில் மக்கள்தொகை குறைந்துவிட்டது. குறையாதா? எட்டுப் பேர் இருந்த வீட்டில் இன்று இரண்டு பேரும் ஒரு நாயும்! நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பராக இருந்தோம்; இன்று நாற்பது. குடும்ப வருமானம் மட்டும் இரண்டு மடங்கு. "பேட்டை முன்னேறிவிட்டது" என்றார் தலைவி. நம்மவர்களும் சேர்ந்து கைதட்டினீர்கள்! உங்களில் யாருக்கு ஐயா சம்பளம் கூடியது? கோரா அக்கா, உங்களுக்கா? இல்லையென்று தலையாட்டுகிறார். ஏழை ஏறவில்லை, ஏழை வெளியேறினான்! வருமானம் வளரவில்லை, வாழும் ஆள்தான் மாறினான்!

"சொல்லு தங்கச்சி, விடாத!" என்கிறார் டீக்கன் ஒருவர். விடத்தான் போவதில்லை.

என் தகப்பனார் இங்கே வீடு வாங்கியபோது தெரு முழுவதும் வெள்ளையர். நாங்கள் வந்ததால் விலை விழுந்தது என்று மூட்டை கட்டினார்கள். இன்று நாங்கள் போகப் போக விலை ஏறுகிறதாம். வந்தால் விழுகிறது, போனால் ஏறுகிறது! நாங்கள் மனிதர்களா, வீட்டில் பிடித்த கறையானா? வயிறு எரிகிறது தாய்மார்களே!

அலோன்சோ அண்ணனை அறிவீர்கள். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாலையில் தெருமுனையில் நாற்காலி போட்டு, போகிற ஒவ்வொரு காருக்கும் வணக்கமாகக் கையை உயர்த்துவார். நம்மில் யார்தான் உயர்த்துவதில்லை? தூக்காமல் போனால், "என்னாச்சு, வீட்ல சண்டையா?" என்று விசாரிக்கிற ஊரல்லவா இது! ஆனால் போன மாதம் ஒருவர் ஜன்னல் வழியே பார்த்து, போதைப்பொருள் விற்கிறவன் கார்களுக்குச் சைகை காட்டுகிறான் என்று போலீசுக்குப் போன் செய்தார். வந்திறங்கிய போலீஸ்காரர் அண்ணனிடம் கேட்டார்:

"யாருக்குப்பா சைகை காட்டுற?"

"வர்றவங்க போறவங்க எல்லாருக்கும்தான் சார்."

"அத்தனை பேரையும் தெரியுமா உனக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும் கையத் தூக்க நான் என்ன கவர்னரா?"

சிரிக்கிறீர்கள். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. தெருவே பார்க்க அந்தக் கைக்கு விலங்கு மாட்டினார். பிறகு தவறு என்று தெரிந்து விட்டுவிட்டார்கள்.

அண்ணன் வீட்டை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, நேற்று அவரிடம் போய், "வீட்ட விக்காதீங்கண்ணே" என்றேன்.

"இப்பல்லாம் காரு வந்தா கை தானா பாக்கெட்டுக்குள்ள போயிடுது ஆர்டெலியா. இந்தக் கைய வச்சுக்கிட்டு இங்க எப்படிம்மா உக்கார்றது? போன் பண்ணவங்க வந்து, தெரியாம பண்ணிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். விக்கிற பத்திரத்தக் கிழிச்சுப் போட்டுர்றேன்" என்றார்.

நாளைக் காலை கையெழுத்து. அவர் போனால் நம் சராசரி வருமானம் இன்னும் உயரும், பெருமக்களே!

இதோ, மூன்றாம் வரிசையில் அவர் இருக்கிறார். போன் செய்தவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன். பழி வேண்டாம், பணம் வேண்டாம், ஒரு வார்த்தை போதும். எழுந்து நில்லுங்கள்.

கடிகாரத்தைக் காட்டாதீர்கள் தலைவி அவர்களே. காத்திருப்போம்.

ஒருவருமில்லையா?

இதோ, ஒருவர் எழுந்துவிட்டார்... அலோன்சோ அண்ணன்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். பின்வரிசைக்காரர்களே, காலை மடக்கி அவருக்கு வழிவிடுங்கள், அதையாவது செய்யுங்கள்.

பேச வாய்ப்பளித்த தலைவிக்கு நன்றி. கேட்டவர்களுக்கு நன்றி. வாய் திறக்காதவர்களுக்கும் நன்றி, வணக்கம்.