குரலைத் தாழ்த்தாதவர்

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்தவர் போனில் தன் அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார்: "மா, குறை அவகிட்ட இல்ல. எனக்குத்தான் பேக்கிங் சரியில்லையாம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பக்கத்திலிருந்த அவர் மனைவி கிளினிக் ஃபைலை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"விந்தணு உருவாகுறப்ப டிஎன்ஏவ இறுக்கமா மடிச்சு உள்ள வைக்கணும்லா. அந்த வேலைய பாக்குற ஜீன் எனக்குப் பழுது. ஷா ஆலம் ஃபேக்டரில நான் பெட்டி கட்டுறேன்ல, அது மாதிரிதான் மா. கட்டு தளர்ந்தா உள்ள இருக்குறது உடைஞ்சிடும். இனிமே புள்ள வேணும்னு அவ வெள்ளிக்கிழமை பட்டினி கெடக்க வேணாம்."

"மெதுவா பேசுங்களேன்," என்றாள் மனைவி.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன் மெதுவா? எட்டு வருஷமா உன்ன மலடின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிதானே சொன்னாங்க?"