பழைய விண்டோஸில் கேட்கும் காது

அஸ்தம்பட்டியில் டவுன் பஸ் ஏறினேன். முன்சீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் தன் காது மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ற காதுக்குப் பழைய விண்டோஸ்தானுங்க ஒத்துக்குது."

"காதுக்கு என்ன புள்ள விண்டோஸு? நான் மெஷின் கடைக்கு வெளியவே உக்காந்துட்டேன், ஒண்ணும் தெரியல." கணவர் போட்ட சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"மெஷின்ல சத்தம் கூட்டிக் கொறைக்கற சாப்ட்வேர் பழசாமுங்க. கம்ப்யூட்டர்ல புது விண்டோஸ் போட்டதுல இருந்து அது ஓடவே இல்லியாம். அதுனாலதான் போன தடவ வேற மெஷின் வாங்கச் சொன்னாங்க. இன்னிக்கு அங்கிருக்கற பொண்ணு பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுட்டு மெஷின அதுல மாட்டிப் பாத்துச்சு. ஒடனே எடுத்துக்கிச்சுங்க."

"இப்ப நல்லாக் கேக்குதா?"

"கேக்குதுங்க. நீங்க கத்தறதுலதான் காது வலிக்குது."

"நாலு மாசமாக் கத்திக் கத்தி அதே பழகிப்போச்சு" என்றார் அவர், அப்போதும் சத்தமாகவே.

பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து மெல்ல ஏதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தைகூட எட்டவில்லை. அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.